சூடான புஷ் சொன்ன பொய்



பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஓர் உறுப்பு தேய்ந்துவிட்டது. கடைகளில் அது கிடைக்கவில்லை. அப்போது என்ன செய்வோம்? கடைசல் பட்டறைக்குப் போய்ப் புதிதாகச் செய்துகொள்வோம். என் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு சிறிய லேத் உண்டு. அதில் நான் கெடுத்த ஒரு புஷ், வகுப்பில் நானே நடத்தும் வெப்ப விரிவுப் பாடத்தை எனக்குத் திருப்பிக் கற்பித்தது.

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்னும் எஃகுக் கை, ஓர் அச்சைப் பற்றி மேலும் கீழும் அசைகிறது. சில பழைய வண்டிகளில் கைக்கும் அச்சுக்கும் இடையே ஒரு வெண்கலக் குழல் இருக்கும். அதுவே புஷ். அது கையின் துளைக்குள் இறுகி நிற்க வேண்டும். தளர்ந்தால் துளையையே தேய்த்துவிடும். ஓடும்போது பின்சக்கரம் ஆட்டம் காணும்.

இறுகி நிற்பது எப்படி? புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிடச் சற்றே பெரிதாக இருப்பதால்தான். என் வண்டியின் துளை 25.00 மி.மீ. ஆகவே புஷ்ஷை 25.02 மி.மீ. அளவுக்குக் கடைந்தேன். லேத்தை நிறுத்தியதும் மைக்ரோமீட்டரால் அளந்தேன். அளவு சரியாக இருந்தது. மறுநாள் காலை துளையில் வைத்தேன். கட்டைவிரலால் தள்ளியதும் உள்ளே போய்விட்டது!

தவறு எங்கே? டூல் உலோகத்தைச் சீவும்போது வெப்பம் பிறக்கிறது. புஷ்ஷின் வெப்பநிலை 30° செ.-இலிருந்து 80° செ. வரை உயர்ந்தது எனக் கொள்வோம். வெண்கலத்தின் நீள்விரிவு எண் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.000018.

விட்டத்தின் பெருக்கம் = 25 × 0.000018 × 50 = 0.0225 மி.மீ.

நான் விட்டுவைத்த 0.02 மி.மீ.யைவிட இது அதிகம் அன்றோ? ஆறியதும் புஷ் துளையைவிடச் சிறிதாகிவிட்டது. மைக்ரோமீட்டர் பொய் சொல்லவில்லை. சூடான புஷ்தான் சொன்னது. நீள அளவுகளுக்கு 20° செ. வெப்பநிலையை உலகெங்கும் பொது அடிப்படையாகக் கொள்வது இதனால்தான். கடைசிச் சீவலுக்கு முன்னும், அளப்பதற்கு முன்னும் வேலையை ஆறவிட வேண்டும்.

இரண்டாவது புஷ்ஷை அப்படியே செய்தேன். அதை இறுக்கிச் செருக அதே விதியே உதவியது. புஷ்ஷை உறைபெட்டியில் −18° செ.-க்குக் குளிர்வித்தால் 48 டிகிரி குறைகிறது. சுருக்கம் 25 × 0.000018 × 48 = 0.0216 மி.மீ. புஷ் எளிதாக நுழைந்தது. சூடேறியதும் துளையை இறுகப் பற்றிக்கொண்டது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிப் பூட்டுவதும் இதே தத்துவம்தான். அங்கே வெளிவளையம் விரிகிறது. இங்கே உள்வளையம் சுருங்குகிறது.

ஓர் எச்சரிக்கை: பழகியவர் துணையின்றி லேத்தைத் தொடாதீர்கள். தொளதொளத்த சட்டைக்கை, சக்கில் மறந்துவிட்ட சாவி இரண்டுமே ஆபத்தானவை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அலுமினியத்தின் நீள்விரிவு எண் 0.000023. 40 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருளை 50 டிகிரி சூடேறினால் விட்டம் எவ்வளவு கூடும்? போட்டுப் பாருங்கள். விடை 0.046 மி.மீ. என வந்தால், என் புஷ் வீண்போகவில்லை.