மூன்றாம் ஆண்டைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

"எல்லாவளும் பி.காம். போறாளுவ, யக்கா. எனக்கு ஹிஸ்டரிதான் கெடைக்கும்போல. எடுக்கட்டா?"

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், வடகரையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இந்தக் கேள்வியும் வந்துவிடும். பி.ஏ. வரலாறு படித்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்துத் தேறியிருந்தாலும் சேரலாம். குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் வரலாற்றுத் துறை இருக்கிறது, பஸ் ஏறினால் போய் வந்துவிடலாம். சேர்வதில் சிரமமில்லை, சேர்ந்தபின் என்ன படிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

நம் பக்கத்துக் கல்லூரிகள் அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. 1990இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 'மனோன்மணீயம்' நாடகம் எழுதிய சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டு வழியாக ஆராய்ந்தவரும்கூட. ஹிஸ்டரி படிக்கிறவர்களுக்கே இது தெரிவதில்லை!

படிப்பு மொத்தம் ஆறு செமஸ்டர். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். நான்கில் திறன் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி. ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. எல்லாப் பகுதியும் தேறினால்தான் பட்டம். வரலாற்றில் எழுபது, எண்பது வாங்கிவிட்டு ஆங்கில அரியரால் பட்டம் கைக்கு வராமல் நிற்கிறவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். ஆங்கிலத் தாளை அந்தந்த செமஸ்டரிலேயே முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அது வளரும்.

இந்திய வரலாறு, தமிழக வரலாறு, ஐரோப்பா, உலக வரலாறு எல்லாம் எந்தக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் விருப்பப் பாடங்களிலும் மூன்றாம் ஆண்டிலும் இருக்கிறது. தொல்லியல், அருங்காட்சியகவியல், சுற்றுலா, இந்திய அரசமைப்பு இவற்றில் எது உங்கள் கல்லூரியில் உண்டு என்று விசாரியுங்கள். டி.என்.பி.எஸ்.சி. எண்ணம் இருந்தால் அரசமைப்பை விடாதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆனால் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆசிரியர் ஆக வேண்டுமா, பி.எட்.டும் டெட் தேர்வும் தனி.

எல்லாரும் அஞ்சுகிற தாள், வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கிற வரலாற்று வரைவியல். தேதியும் போரும் இல்லாததால் மனப்பாடம் உதவாது. எனக்கு அது புரிந்தது ஒரு பழைய கிரயப் பத்திரத்தை வைத்துத்தான். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். பிராஜெக்டுக்காக அங்கே ஒரு வீட்டில் வாங்கிப் பார்த்த பத்திரத்தில் கொல்லம் ஆண்டு போட்டிருந்தது. அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஆவணியிலிருந்து டிசம்பர் வரையான தேதியானால் 824. மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் ஒரு வருடம் தப்பிப்போகும். எழுதினவர் யார், யாருக்காக எழுதினார், எந்த அரசுக்கு வரி கட்டினார் என்று அந்த ஒரு தாளைத் திருப்பித் திருப்பிக் கேட்டபோது பாடப்புத்தகத்தின் இரண்டு அலகுகள் தாமாகவே முடிந்துவிட்டன.

ஆகவே பிராஜெக்டுக்கு இணையத்தில் கிடைக்கிற 'காந்தியும் சுதந்திரமும்' தலைப்பை எடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கடையில் அதற்கு ஆயத்தப் பிரதியே கிடைக்கும். தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலில் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் சுவரிலேயே இருக்கின்றன. குற்றாலம் சித்திர சபையில் சுவர் முழுக்க ஓவியம். பூலித்தேவனின் நெல்கட்டும்செவல் பக்கம், வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டை அதைவிடப் பக்கம். சென்னை மாணவன் ரயிலேறி வந்து பார்க்கிறதை நாம் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். வைவாவில் கேள்வி கேட்கிறவருக்கு நாம் நேரில் போய்ப் பார்த்தோமா என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பஸ் செலவுக்குப் போக மீதியில் புத்தகம் வாங்குங்கள். சேர்க்கைக்குப் போகும்போது ஆறு செமஸ்டருக்கும் உள்ள தாள் பட்டியலைத் துறையில் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.