மௌனம் சம்மதம் அன்று

இணையதளம் என்றதும் நம் கண்முன் நிற்பவை திரையில் தெரியும் பக்கங்களே. ஆனால், எவரும் பாராத வேளையிலும் அத்தளத்தின் பொருட்டுச் சில வேலைகள் நடந்தாக வேண்டும். நள்ளிரவில் தரவுகளைப் படியெடுத்து வைத்தல், காலையில் நினைவூட்டு மின்னஞ்சல் அனுப்புதல், தேவையற்ற கோப்புகளை நீக்குதல், பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றைப் பின்னணிப் பணிகள் என்கிறோம். இவை நின்றுபோனாலும் தளம் உடனே நின்றுவிடுவதில்லை. பக்கங்கள் வழக்கம்போல் திறக்கும். ஆபத்து மிகுவதற்கு அதுவே காரணம். இப்பணிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று அறியும் வழியை, செய்முறை வகுப்பில் நான் மாணவர்க்குச் சொல்லும் முறையிலேயே இங்கு எழுதுகிறேன்.

கிரான் என்னும் ஏவலன்

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் இப்பணிகளை நேரம் பார்த்துத் தொடங்கி வைக்கும் நிரலுக்குக் 'கிரான்' என்று பெயர். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது இருந்தது. 1987-இல் பால் விக்சி என்பவர் வெளியிட்ட வடிவம் பின்னர் லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரிதும் பரவியது.

கிரானுக்கு இடும் ஆணையில் ஐந்து இடங்கள் உண்டு. அவை முறையே நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை ஆகும். '30 2 * * *' என்று எழுதினால் நாள்தோறும் பின்னிரவு 2.30-க்குப் பணி தொடங்கும். உடுக்குறி 'எதுவாயினும்' என்ற பொருளைத் தரும்.

தவறு நுழையும் வாயில்கள்

முதலாவது, கடிகாரம். பல சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே, 2.30-க்கு என்று நாம் இட்ட ஆணை, நம் ஊரில் காலை 8 மணிக்கே நிறைவேறும்.

இரண்டாவது, நாளும் கிழமையும் சேரும் இடம். '0 9 13 * 5' என்பதைப் பதின்மூன்றாம் தேதியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாள் என்றே பலரும் படிப்பர். கிரானோ ஒவ்வொரு பதின்மூன்றாம் தேதியிலும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும் அப்பணியைச் செய்யும்.

மூன்றாவது, சூழல். நாம் கையால் இயக்கும்போது நன்கு ஓடும் நிரல், கிரான் இயக்கும்போது ஓடாமற் போகலாம். நிரல்கள் எங்குள்ளன என்று காட்டும் பாதைப் பட்டியல் கிரானிடம் மிகச் சுருக்கமாகவே இருக்கும். எனவே, ஆணையில் முழுப் பாதையையும் எழுதுவதே நலம்.

நான்காவது, ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தொடங்கும் பணி முடிய ஏழு நிமிடம் ஆகுமானால், முன்னது முடியுமுன் பின்னது தொடங்கிவிடும். இதைத் தடுக்க ஒரு பூட்டு வேண்டும்.

வேர்டுபிரஸ் தளங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் உள்ளமைந்த கால ஒழுங்கு, யாரேனும் தளத்தைப் பார்வையிடும்போதுதான் விழித்துக்கொள்கிறது. பார்வையாளர் வராத இரவில், குறித்த நேரம் கடந்தும் பணி காத்துக் கிடக்கும். சர்வரின் கிரானைக் கொண்டே அதை எழுப்புமாறு மாற்றிவிடுவது இதற்குத் தீர்வு.

ஒரு படிப்பினை

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் வேறொரு கணிப்பொறி என்று கருதி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை நீக்கிவிட்டார். நாள்தோறும் எடுக்கப்பட்ட காப்புப் பிரதி இருக்குமே என்று தேடியபோது, அவற்றைச் சேமிக்கும் இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 என்னும் பதிப்பு. படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இயங்கியது. அதனால் படியெடுக்கும் பணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், உரிய சரிபார்ப்புக் குறி இன்மையால், பெறும் இடத்தில் மறுக்கப்பட்டன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு படியே அவர்களுக்குக் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. இவ்வளவையும் அந்நிறுவனமே பின்னர் வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

இங்கே பணியும் தோற்றது. தோல்வியைச் சொல்ல வேண்டிய தூதனும் வழியிலேயே நின்றுவிட்டான். பொறுப்பாளர்க்கு எட்டியது மௌனம் ஒன்றே. அந்த மௌனம் நலம் என்று பொருள்பட்டுவிட்டது.

சோதிக்கும் முறை

ஆகவே நான் வலியுறுத்துவது இதுதான்: தோல்வி வந்தால் சொல் என்று பணிக்குக் கட்டளையிடுவது போதாது. வெற்றி பெற்றால் சொல் என்றும், சொல்லாவிட்டால் நான் விழிப்பேன் என்றும் அமைக்க வேண்டும். இரவுக் காவலர் குறித்த நேரத்தில் விசில் ஊதுவது திருடன் வந்துவிட்டான் என்பதற்காக அன்று. தாம் விழித்திருப்பதைத் தெரிவிப்பதற்காக. விசில் கேளாத இரவே கவலைக்குரிய இரவு.

இதற்கு நான்கு படிகள் உள்ளன. முதலில், எல்லாப் பணிகளையும், ஒவ்வொன்றும் நடக்க வேண்டிய நேரத்தையும், எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதுக. இரண்டாவதாக, பணி பிழையின்றி முடிந்த பின்னரே, கடைசி வரியாக, வேறொரு கணிப்பொறிக்கு ஒரு குறி அனுப்பச் செய்க. அக்குறி உரிய காலத்தில் வராவிடில் அந்த வேறு கணிப்பொறியே எச்சரிக்கை எழுப்பட்டும். மூன்றாவதாக, விளைவைப் பார்க்க. காப்புப் பிரதியின் தேதி என்ன, அளவு நேற்றையதற்கு ஒத்ததா என்று நோக்குக; மாதம் ஒருமுறையேனும் அதிலிருந்து தரவை மீட்டுப் பார்க்க. நான்காவதாக, வேண்டுமென்றே ஒருநாள் பணியை நிறுத்தி, எச்சரிக்கை உண்மையிலேயே நம் கைக்கு வருகிறதா என்று சோதிக்க. இந்நான்காம் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர்.

இனி இதன் தேவை கூடுமேயன்றிக் குறையாது. இணையதளச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் முதல் 47 நாட்களாக்குவது என்று 2025 ஏப்ரலில் முடிவு செய்யப்பட்டது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்போ, 'உமது சான்றிதழ் காலாவதியாகப் போகிறது' என்று அனுப்பிவந்த மின்னஞ்சலை 2025 ஜூனில் நிறுத்திக்கொண்டது. நினைவூட்டுவார் குறைகின்றனர், நினைவில் வைக்க வேண்டிய தவணைகளோ பெருகுகின்றன.

கல்லூரியை விட்டுச் சென்று, மருத்துவமனையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு சிறு தளத்தைப் பேணும் பொறுப்பு நம் மாணவர்க்கு வரலாம். அத்தளத்தின் பதிவுகளை நம்பிப் பலருடைய வேலைகள் நடக்கும். முதல் நாளே அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'பணிகள் ஓடுகின்றனவா?' என்பது அன்று; 'ஓடாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?' என்பதே.