தாய் முத்திரை, தந்தை முத்திரை

"எங்கள் இருவர் குடும்பத்திலும் இந்நோய் யாருக்கும் இல்லை, குழந்தைக்கு மட்டும் ஏன் வந்தது?" பிராடர்-வில்லி நோய் கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. கர்ப்ப காலத்தில் தாம் உண்டதோ செய்ததோ காரணமாகுமோ என்று தாய்மார் பலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். அவ்வேதனை தேவையற்றது.

1956-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் விவரித்த நோய் இது. பிறந்த குழந்தை தசைகள் தளர்ந்து, பால் உறிஞ்சவும் வலுவின்றி இருக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் தணியாத பசி தோன்றி, உடல் எடை மிகும். இதன் காரணம் 15-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதியில் உள்ளது.

நமக்கு ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளாக வருகிறது. பெரும்பாலானவற்றில் இரு படிகளும் செயல்படும். சில மரபணுக்களில் மட்டும் ஒரு படி அடங்கியே இருக்கும். அதை அடக்கிவைப்பது டி.என்.ஏ. மெத்திலேற்றம், அதாவது, டி.என்.ஏ.வில் உள்ள சைட்டோசின் மீது மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்வது. 'க' என்னும் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் 'க்' என ஒலி குறைகிறதல்லவா? எழுத்தின் வடிவம் மாறவில்லை, ஒலிதான் அடங்கியது. மெத்தில் முத்திரையும் அத்தகையதே.

இம்முத்திரைகள் தலைமுறைதோறும் புதிதாக இடப்படுகின்றன. கருமுட்டையாகவும் விந்தணுவாகவும் மாறவிருக்கும் செல்களில் பழைய முத்திரைகள் முதலில் அழிக்கப்படும். பின்னர் ஆணுக்கு அவன் பிறக்கும் முன்பே தந்தை முத்திரை இடப்படத் தொடங்கும். பெண்ணுக்கோ பிறந்த பின், கருமுட்டை வளர்ந்து முதிரும் காலத்தில் தாய் முத்திரை இடப்படும். கருவுற்றபின் டி.என்.ஏ.வின் ஏனைய மெத்தில் குறிப்புகள் பெருமளவு நீங்கினாலும், இவை காக்கப்படுகின்றன.

15-ஆம் குரோமோசோமின் அப்பகுதியில், கருமுட்டையில் இடப்பட்ட முத்திரையால் சில மரபணுக்களின் தாய்வழிப் படி அடங்கியிருக்கும். தந்தைவழிப் படியே பணிசெய்யும். அது இல்லாதபோது பிராடர்-வில்லி நோய் தோன்றுகிறது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினரில் தந்தைவழிப் படியில் அப்பகுதி அறுந்து போயிருக்கும். எஞ்சியோரில் பெரும்பாலோருக்கு இரு படிகளும் தாயிடமிருந்தே வந்திருக்கும். மிகச் சிலரில் முத்திரையிடுவதிலேயே பிழை நேர்ந்திருக்கும். இதே பகுதியில் தாய்வழியில் மட்டும் செயல்பட வேண்டிய ஒரு மரபணு இழக்கப்பட்டால், முற்றிலும் வேறான ஏஞ்சல்மேன் நோய் உண்டாகிறது.

இரத்தத்தில் செய்யப்படும் மெத்திலேற்றப் பரிசோதனை, பிராடர்-வில்லி நோயை 99 விழுக்காட்டிற்கும் மேல் உறுதிசெய்யும். ஆனால், மேற்கூறிய மூன்றில் எது காரணம் என்பதை அது மட்டும் சொல்லாது. அதற்கு அடுத்தகட்டப் பரிசோதனை வேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் தற்செயலானவை. அடுத்த குழந்தைக்கு நேரும் வாய்ப்பு பொதுவாக 1 விழுக்காட்டிற்கும் குறைவு. அரிதாக, முத்திரையைக் கட்டுப்படுத்தும் பகுதியே தந்தையின் குரோமோசோமில் அறுந்திருந்தால், அவ்வாய்ப்பு 50 விழுக்காடு வரை உயரும். எனவே மறு கருத்தரிப்புக்கு முன்பே, குழந்தையின் அறிக்கைகளுடன் மரபியல் ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள்.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்று இல்லை. எனினும் வளர்ச்சி ஹார்மோன், கண்டிப்பான உணவு ஒழுங்கு, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றை இளமையிலேயே தொடங்கினால் குழந்தை நன்கு பயன்பெறும். பழி தேடுவதில் செலவாகும் காலத்தைச் சிகிச்சைக்குத் தாருங்கள்.