மாடிப் பசுமைக்குடிலில் பாசியை ஒழிப்பது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

குடிலுக்குள் கால் வைத்ததும் வழுக்குகிறதா? குழித்தட்டுகளின் மேல் பச்சைப் படலம் படிந்திருக்கிறதா? அழுக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். கூரைத் தாளில் படியும் பாசி, செடிக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும். தட்டில் தோல்போல மூடினால் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்தப் பாசியைத் தேடிக் கொசு போன்ற கறுப்புச் சிற்றீக்கள் வரும். அவற்றின் புழுக்கள் இளநாற்றின் வேரைத் தின்னும்.

பாசி ஏன் வருகிறது?

வெளிச்சம், ஈரம், உரச்சத்து மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் பாசி வந்தே தீரும். வெளிச்சத்துக்காகத்தான் குடிலே போடுகிறோம், உரத்தையும் நிறுத்த முடியாது. நாம் அதிகம் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம்தான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், ஈரம் நின்றால் பாசி திரும்பி வரும்.

படி 1: காலி செய்யுங்கள்

தொட்டி, தட்டு எல்லாவற்றையும் நிழலான இடத்துக்கு மாற்றுங்கள். உதிர்ந்த இலை, சிந்திய தேங்காய் நார்த்தூள் இரண்டையும் கூட்டி அள்ளுங்கள்.

படி 2: முதலில் தேய்ப்பு, பிறகு மருந்து

பலரும் தவறுவது இங்கேதான். பாசியின் மேலேயே பிளீச் ஊற்றினால், அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகே பிளீச். பாலித்தீன் தாளுக்கு மென்மையான துணி போதும். கம்பி நார் பட்டால் கீறல் விழும், அந்தக் கீறலிலேயே அடுத்த பாசி ஒட்டும். தாளும் சட்டமும் சேரும் இடுக்கைக் குனிந்து பாருங்கள்: வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே கரும்பச்சையாய் ஒரு கோடு ஓடும். பழைய பல்துலக்கும் பிரஷ்தான் அதற்குச் சரி.

இனி, கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. தரையிலும் காலித் தட்டுகளிலும் பூசி, 10 நிமிடம் விட்டு, நன்றாக அலசுங்கள். கையுறை கட்டாயம். கதவு திறந்தே இருக்கட்டும். பிளீச்சுடன் வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

படி 3: தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

வெள்ளை டியூபிலும் மூடாத வாளியிலும் வெளிச்சம் புகும், பாசி வளரும். கறுப்பு டியூப், மூடிய தொட்டி இரண்டும் போதும். சொட்டுநீர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

படி 4: காயவிடுங்கள்

காலையிலேயே தண்ணீர் விடுங்கள். மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் விடாதீர்கள். தட்டுகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ ஏற்றுங்கள். பக்கத் திரையைப் பகலில் சுருட்டி வையுங்கள், காற்று ஓடட்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எதுவும் எளிதில் காயாது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்தப் பெரிய கழுவலுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.