குழந்தைக்காக டாக்டரிடம் முதன்முறை போகுமுன்

கல்யாணமாகி ஓராண்டாகியும் குழந்தை உண்டாகவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்போம். 35 வயது தாண்டியவர்கள் 6 மாதத்திலேயே போகலாம். அரியக்குடியில் பஸ் ஏறுமுன் தயார் செய்ய வேண்டியவை:

1. கடைசி 6 மாத மாதவிலக்குத் தேதிகளை எழுதிக்கொள்வோம்.

2. பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துச் செல்வோம். கரு கலைந்திருந்தால் மறைக்காமல் சொல்வோம்.

3. வீட்டுக்காரரையும் கட்டாயம் கூட்டிப் போவோம். குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை சுலபமானதுதான்.

4. எந்தச் சிகிச்சை, எதற்கு, எவ்வளவு செலவு என்று கேட்டபிறகே கடன் பற்றி யோசிப்போம். சோதனைக்குழாய் சிகிச்சை மையங்கள் 2021-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், விசாரிப்போம்.

'மலடி' என்ற சொல் நம் குழுக் கூட்டத்தில் இனி யார் வாயிலும் வரக்கூடாது!