ஹவுஸ் சர்ஜன் தங்கைக்கு



அழுகிற நோயாளியின் முன்னால் கைகால் ஓடவில்லை, அந்தப் பக்குவம் பிறவியிலேயே வரவேண்டும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். பிறவியில் வருவது கொஞ்சம்தான். மீதியைப் பழகிக்கொள்ளலாம் என்பதற்குச் சான்றே இருக்கிறது.

பாஸ்டனில் ஹெலன் ரீஸ் என்ற மனநல மருத்துவர், பயிற்சி மருத்துவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு மணி நேர வகுப்புகள் மூன்று நடத்தினார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிப்பது, தன் உடம்பில் எரிச்சல் ஏறுவதைக் கவனிப்பது போன்றவைதான் பாடம். டாக்டரின் பரிவுக்கு மதிப்பெண் போட்டவர்கள் நோயாளிகள். அந்த வகுப்புகளில் இருந்தவர்களே மேலே நின்றார்கள் என்று 2012இல் முடிவு வெளியானது. மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு பலன்! உணர்வு நுண்ணறிவு பற்றி டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் 1995இல் வந்த பிறகு, அதற்கு மார்க் போட்டு விற்கிற கடைகள் பெருகிவிட்டன. நான் நம்புவது அந்த மார்க்கை இல்லை, நோயாளி சொல்வதை.

பழகவேண்டியவை சின்னச் சின்னக் காரியங்கள். "என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். 1984இல் அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் அளந்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியிலேயே டாக்டர் குறுக்கிட்டிருந்தார்.

கெட்ட செய்தி சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. 2000இல் வெளியான ஸ்பைக்ஸ் முறையில் ஆறு படிகள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்பது மூன்றாவது படி. நம் வார்டில் அந்தப் படிக்கு முன்னாலேயே மகன் வந்து நிற்பான்: "அப்பாவுக்குத் தெரியவேண்டாம் டாக்டர், தாங்கமாட்டார்." அவனோடு சட்டம் பேசாதே. தனியாக உட்காரவைத்து, தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய் என்று கேள். பாதிப் பேர் அங்கேயே உடைந்து அழுவார்கள். அழட்டும். பிறகு, "அப்பா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று அனுமதி வாங்கு. பெரும்பாலான அப்பாக்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்; மகனுக்காக மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜத் குழுவினர் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் எழுதினார்கள்: பரிவு சரியத் தொடங்குவது மூன்றாம் ஆண்டில். நோயாளிகளை நேரில் பார்க்கத் தொடங்கும் ஆண்டு! வகுப்பு கற்றுத் தருவதை வார்டு அழித்துவிடுகிறது. நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் 2019 முதல் மனப்பான்மை, நெறிமுறை, பேச்சுமுறை கற்றுத் தரும் ஏட்காம் பாடம் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, தூக்கமில்லாத ஹவுஸ் சர்ஜன் தன் சீனியர் எப்படிப் பேசுகிறாரோ அப்படித்தான் பேசுவார்.

அதனால் நீ பேசுவதைக் கவனித்துச் சொல்ல உனக்கென்று ஓர் ஆளைப் பிடித்துக்கொள். என் கணக்கில் அதற்கு உகந்தவர் வார்டு சிஸ்டர். நீ நகர்ந்த பிறகு நோயாளி என்ன சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும். ரவுண்ட்ஸ் முடிந்ததும், "சிஸ்டர், அந்த அம்மாகிட்ட நான் எந்த இடத்துல அவசரப்பட்டேன்?" என்று கேள். முதலில் தயங்குவார். இரண்டாம் தடவையும் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்