மூடுவதற்கு முன் பாருங்கள்

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் அசெம்பிளி யூனிட் நடத்துகிறீர்களா? உங்கள் க்யூசி ஆள் லைனின் கடைசி மேசையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறார் என்றால், இதை அவசியம் படியுங்கள்.

முதலில் ஒரு ஷிப்ட் முழுக்க லைன் ஓரமாக நின்று, கை செய்யும் ஒவ்வொரு வேலையையும் நோட்டில் எழுதுங்கள். வாஷிங் மெஷினுக்கான வயர் ஹார்னஸ் என்றால் வெட்டுவது, முனை சீவுவது, டெர்மினல் கிரிம்ப் செய்வது, கனெக்டரில் செருகுவது, டேப் சுற்றுவது என்று நீளும். மொத்தம் 60 வேலை, ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொள்வோம். 0.999-ஐ அறுபது முறை பெருக்கினால் 0.942 வரும். நூறு ஹார்னஸில் ஏறக்குறைய ஆறு பழுது! ஆயிரத்துக்கு ஒன்று தவறுபவர் நல்ல தொழிலாளிதான். அவரைத் திட்டி அந்த ஆறைக் குறைக்க முடியாது. ஒரு மாதம் கழித்து, ஆயிரத்துக்கு ஒன்று என்ற ஊகத்தை எடுத்துவிட்டு உங்கள் ரீவொர்க் ரிஜிஸ்டரில் உள்ள எண்ணிக்கையைப் போடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு கேள்வி: இங்கே நடந்த பிழை பிறகு கண்ணுக்குத் தெரியுமா? முனை சீவும்போது பிளேடு சற்று ஆழமாக இறங்கினால் நாலைந்து செம்பு இழைகள் அறுந்து மேசையில் விழும். டெர்மினலை அழுத்திய பிறகு அது வெளியே தெரியாது. கடைசி மேசையில் மின்சாரம் விட்டுச் சோதித்தாலும் விளக்கு எரியும். மெஷின் மாதக்கணக்கில் அதிர்ந்த பிறகு, யாரோ ஒருவர் வீட்டில் அந்த வயர் கழன்று வரும். ஆகவே பூதக்கண்ணாடி இருக்க வேண்டிய இடம் சீவும் மேசை. ஷிப்ட் தொடங்கும்போதும், டை மாற்றும்போதும், புது வயர் சுருள் ஏற்றும்போதும் கிரிம்ப் உயரத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, சில துண்டுகளை இழுத்துச் சோதியுங்கள்.

எத்தனை பார்ப்பது? நிலையாக ஓடும் லைனுக்குத் தர நிபுணர் டெமிங் சொன்ன கணக்கு எளிது. ஒன்றைப் பார்க்க 2 ரூபாய், தப்பிப் போனால் நஷ்டம் 400 ரூபாய் என்றால் எல்லைக்கோடு 0.5 சதவீதம். பழுது அதற்கு மேலே போனால் எல்லாவற்றையும் பாருங்கள். கீழே என்றால் விட்டுவிடலாம். (அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது, 1998இல், சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.) ‘ஐம்பது பார்த்தோம், எல்லாம் ஓகே’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். நூற்றுக்கு ஒன்று பழுதாகும் சரக்கிலும் ஐம்பதை எடுத்தால் ஒன்றுகூட அகப்படாமல் போக 60 சதவீத வாய்ப்பு உண்டு.

பார்ப்பதைவிட மேலானது, பிழையே நடக்காமல் செய்வது. 1961இல் ஜப்பானின் யமடா எலக்ட்ரிக்கில் ஒரு ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் அடிக்கடி மறந்தார்கள். இரண்டையும் முதலில் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள் என்றார் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு சின்னத் தட்டுக்கு என்ன செலவாகிவிடும்!

நாளைக் காலை ஷிப்டில் கடைசி மேசையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து, சீவும் மேசைக்குப் பக்கத்தில் போடுங்கள்.